உக்ரேனில் பிடிபட்ட கணவர்: போர்க்கைதியா, கூலிப்படையா?

கேள்வி: பாரிஸுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரர் என் கணவரை மொஸ்கோ வரை கொண்டுபோய், அங்கே ரஷ்ய இராணுவத்தில் சேர்த்துவிட்டார்கள். வாசிக்கத் தெரியாத ரஷ்யத் தாளில் கையெழுத்து வாங்கினார்களாம். நான்கு மாதமாகக் கதையில்லை. போன மாதம் டெலிகிராமில் வந்த வீடியோ ஒன்றில், உக்ரேன் படையிடம் பிடிபட்டவராக அவரைக் கண்டோம். கூலிப்படை என்றால் தூக்குத்தான் என்று ஊரில் சொல்கிறார்கள். 18 இலட்சம் தந்தால் எடுத்துத் தருவேன் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்கிறார். அதற்கு என் சீதனக் காணியை விற்கலாமென்றால் அவருடைய கையெழுத்தில்லாமல் முடியாது என்கிறார் நொத்தாரிசு. "பிடிபட்டுப் போனவன் திரும்பி வந்ததை நான் காணேல்லை" என்று மாமி அழுதபடியே இருக்கிறா. நான் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, வடமராட்சி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 18 இலட்சம். கட்டாதீர்கள். போர்க்கைதி ஒருவரை விடுவிப்பது தடுத்து வைத்திருக்கும் அரசு எடுக்கும் முடிவு. அதற்குக் கட்டணம் கிடையாது, இடைத்தரகரும் கிடையாது. தேடிக் கண்டுபிடிப்பது, கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது போன்ற செஞ்சிலுவையின் வேலைகளுக்கும் ஒரு சதம் வாங்குவதில்லை. கேட்கும் ஆள் செஞ்சிலுவையின் பெயரையோ தூதரகத்தின் பெயரையோ சொன்னால் அது மோசடி என்பதற்கு அதுவே போதும். அவருடைய இலக்கத்தைத் தடுத்துவிடாதீர்கள். செய்திகளையும் வங்கிக் கணக்கு விபரத்தையும் அப்படியே வைத்திருங்கள், பொலிஸுக்குத் தேவைப்படும்.

இனித் தூக்குக் கதை. போர்க்கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் மூன்றாவது ஜெனீவா சமவாயத்தின் (1949) 4ஆம் உறுப்புரை, பிடிபட்டவரின் கையில் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது என்று கேட்பதில்லை. போரிடும் தரப்பொன்றின் ஆயுதப் படையில் அவர் அங்கத்தவரா என்றுதான் கேட்கிறது. விரும்பிச் சேர்ந்தாரா, ஏமாற்றப்பட்டாரா என்பதும் அந்த அந்தஸ்தை மாற்றாது. ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சுடன் ஒப்பந்தம் எழுதி, படைப்பிரிவொன்றில் இலக்கம் கொடுத்துச் சேர்க்கப்பட்டிருந்தால் உங்கள் கணவர் போர்க்கைதி. அதில் சந்தேகம் எழுந்தால்கூட, தகுதியுள்ள நீதிமன்றம் ஒன்று தீர்மானிக்கும் வரை அவரைப் போர்க்கைதியாகவே நடத்த வேண்டும் என்கிறது 5ஆம் உறுப்புரை.

கூலிப்படை என்பதற்கு ஜெனீவா சமவாயங்களோடு 1977ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட முதலாவது மேலதிக நெறிமுறை, 47ஆம் உறுப்புரையில் ஆறு நிபந்தனைகளை வைக்கிறது. ஆறும் ஒருங்கே பொருந்த வேண்டும், ஒன்று தவறினாலும் கூலிப்படை இல்லை. அதிலொன்று, போரிடும் தரப்பின் ஆயுதப் படையில் அவர் அங்கத்தவராக இருக்கக் கூடாது என்பது. ஒப்பந்தம் வைத்து இராணுவத்தில் சேர்த்த ஒருவர் அந்த இடத்திலேயே அந்த வரைவிலக்கணத்துக்கு வெளியே போய்விடுகிறார். ரஷ்யா, உக்ரேன் இரண்டும் இந்த நெறிமுறையில் சேர்ந்த நாடுகள். இலங்கை சேரவில்லை, ஆனால் இந்த விடயத்தில் அது குறுக்கே நிற்காது. அவரைச் சேர்த்தது இராணுவம் இல்லை, தனியார் ஆயுதக் குழு ஒன்று என்றால் வாதம் சிக்கலாகும். அதனால்தான் அந்த ரஷ்யத் தாளின் படம் ஒன்று கிடைத்தாலும் அது பொன்னுக்குச் சமம். கணவர் முன்பு அனுப்பிய வாட்ஸ்அப் படங்களைத் திரும்பப் பாருங்கள். மேசையில் கிடந்த தாள், வங்கி அட்டை, கழுத்தில் தொங்கிய தகடு எதுவாக இருந்தாலும் எடுத்து வையுங்கள். ரஷ்யப் படைப்பிரிவுகளுக்கு ஐந்து இலக்க எண் உண்டு, வீரருக்கென எழுத்தும் எண்ணும் சேர்ந்த தனி இலக்கமும் உண்டு. இரண்டில் ஒன்று கிடைத்தாலே தேடுதல் பாதியாகக் குறையும்.

ஊரில் சொல்லும் கதைக்கு ஒரு வேர் இருக்கிறது. 2022 ஜூனில் டொனெட்ஸ்கில் ரஷ்ய ஆதரவுப் பிரிவினையாளரின் நீதிமன்றம் ஒன்று, உக்ரேன் படையில் இருந்த இரண்டு பிரித்தானியருக்கும் ஒரு மொரோக்கோ இளைஞருக்கும் கூலிப்படையினர் என்று மரண தண்டனை விதித்தது. அவர்கள் முறையான படையின் அங்கத்தவர்கள் என்பதால் அந்தத் தீர்ப்புச் சட்டத்துக்கு முரணானது என்ற கண்டனம் எழுந்தது. தண்டனை நிறைவேறவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் சவூதி அரேபியாவின் மத்தியஸ்தத்தில் பத்து வெளிநாட்டவர் விடுவிக்கப்பட்டபோது அந்த மூவரும் வெளியே வந்தார்கள். உங்கள் கணவர் இருப்பது மறுதரப்பில், உக்ரேனின் கையில். அங்கே மரண தண்டனை சட்டத்திலேயே இல்லை.

துப்பாக்கி ஏந்தினார் என்பதற்காக மட்டும் போர்க்கைதியை நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. பொதுமக்களைக் கொன்றது போன்ற போர்க்குற்றம் சாட்டப்பட்டால் வழக்கு வரலாம். அப்போதும் போர்க்கைதி என்ற பாதுகாப்பு அவரை விட்டுப் போகாது. சட்டத்தரணி, மொழிபெயர்ப்பாளர், மேன்முறையீடு எல்லாம் உரிமை. "வழக்குப் பேச லோயருக்குக் காசு" என்று யாராவது கேட்டால், குற்றச்சாட்டுப் பத்திரம் எங்கே என்று கேளுங்கள்.

மாமி சொன்னதைத் தட்டிவிட முடியாது. அவ கண்டது பொய்யில்லை. ஆனால் எங்கள் நாட்டில் நடந்தது சட்டத்தின் கண்ணில் உள்நாட்டுப் போர். அதில் "போர்க்கைதி" என்ற அந்தஸ்தே இல்லை. நான்கு ஜெனீவா சமவாயங்களுக்கும் பொதுவான 3ஆம் உறுப்புரை மட்டும்தான். கொல்லாதே, சித்திரவதை செய்யாதே, பணயம் வைக்காதே, நியாயமான விசாரணையின்றித் தண்டிக்காதே என்று அது கட்டளையிடுகிறது. பிடிபட்டவரின் பெயரை ஜெனீவாவில் உள்ள செஞ்சிலுவைக்கு அறிவிக்கும் கடமையோ, போர் முடிந்ததும் விட்டுவிடும் கடமையோ அதில் எழுதப்படவில்லை. 2009இல் போர் முடிவில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டி வந்ததற்கு இந்த ஓட்டையும் ஒரு காரணம். உக்ரேனில் நடப்பது இரண்டு அரசுகளுக்கு இடையிலான போர். அங்கே மூன்றாவது சமவாயம் 143 உறுப்புரைகளோடும் முழுதாகப் பொருந்தும்.

அந்த 143இலும் இப்போது உங்களுக்கு மிக முக்கியமானது பதிவு. கைதி முகாமுக்கு வந்து ஒரு வாரத்துக்குள், இடைத்தங்கல் முகாமாக இருந்தாலும், ஓர் அட்டை நிரப்ப விட வேண்டும் என்கிறது 70ஆம் உறுப்புரை. தபாலட்டை அளவுதான். எந்த நாட்டுப் படை, பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதியும் இடமும், பதவி, படை இலக்கம், நெருங்கிய உறவினரின் முகவரி, பிடிபட்ட நாள், நலமா காயமா என்று வரிகள் இருக்கும். ஒன்று குடும்பத்துக்கு, ஒன்று ஜெனீவாவில் உள்ள, செஞ்சிலுவையின் மத்திய தேடுதல் முகவரகத்துக்கு. நடைமுறையில் ஒரு வாரம் என்பது மாதங்களாக இழுபடுவதுண்டு. அட்டை வராததை வைத்து ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இங்கேதான் உங்களைப் போன்ற குடும்பங்கள் இடறி விழுகின்றன. உக்ரேனின் தேசியத் தகவல் பணியகம் பெயரை ஜெனீவாவுக்குக் கொடுக்கும். ஜெனீவா அதைக் கைதி எந்தப் படையைச் சேர்ந்தவரோ அந்த அரசுக்கு, அதாவது ரஷ்யாவுக்கு, அனுப்பும். அந்தப் பாதையில் கொழும்புக்கு நேரே தகவல் வருமென்று நம்பியிருக்க முடியாது. எனவே "ஏதாவது தெரிந்தால் அமைச்சு அறிவிக்கும்" என்று காத்திருப்பதில் பலனில்லை. இந்தப் பக்கத்திலிருந்து நீங்கள் போய்த் தட்ட வேண்டும்.

தட்ட வேண்டிய கதவு இரண்டு, இரண்டையும் ஒரே வாரத்தில். ஒன்று, இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் யாழ்ப்பாணக் கிளை. குடும்பத் தொடர்பை மீள ஏற்படுத்தும் பிரிவைக் கேட்டு, தேடுதல் விண்ணப்பம் கொடுங்கள். அது சர்வதேச செஞ்சிலுவைக் குழு வழியாக ஜெனீவாவுக்குப் போகும். இந்தப் போருக்கென்றே 2022 மார்ச்சில் அங்கே தனிப் பணியகம் திறந்திருக்கிறார்கள். மற்றது, யாழ்ப்பாணக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிராந்திய அலுவலகம். இலங்கைக்குக் கீவில் தூதரகம் இல்லை. அங்காராவில் உள்ள தூதரகமே உக்ரேனையும் பார்க்கிறது. மொஸ்கோத் தூதரகத்தோடு மட்டும் மாரடித்துக்கொண்டிருந்தால் காரியம் நடக்காது. கடிதத்தில் அங்காராவின் பெயரைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

உக்ரேன் அரசும் 2024 ஜனவரியில், பிடிபட்ட ரஷ்யப் படையினரின் குடும்பங்களுக்கென "ஹொச்சு நய்தி" என்றொரு தேடுதல் சேவையைத் தொடங்கியது. ரஷ்ய மொழியில் இயங்குகிறது. கேட்கலாம், ஆனால் அது போரிடும் தரப்பொன்றின் சேவை, அதற்கு வேறு நோக்கங்களும் உண்டு. அதன் பெயரில் போலிக் கணக்குகள் வரக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். நானென்றால் செஞ்சிலுவை விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுத்தான் அதைத் தொடுவேன்.

விண்ணப்பத்துக்குக் கடவுச்சீட்டுப் பிரதி, விவாகப் பதிவுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், கிராம சேவையாளரின் கடிதம் என்பவற்றோடு முகம் தெளிவாகத் தெரியும் படம் இரண்டு, தழும்பு, பச்சை குத்தியது, உடைந்த பல் போன்ற அடையாளங்கள் வேண்டும். தமிழ் ஆவணங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலத்தில் ஆக்குங்கள்.

பெயர் விடயத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக மினக்கெடுங்கள், தேடுதல் பெரும்பாலும் பிசகுவது அங்கேதான். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர் ஆளின் பெயருக்கு முன்னால் நிற்கும், சிலவேளை வெறும் முதலெழுத்தாக. ரஷ்யத் தாளில் குடும்பப் பெயர், பெயர், தந்தைவழிப் பெயர் என்று மூன்று கட்டம். எதை எந்தக் கட்டத்தில் போட்டார்களோ தெரியாது. அதன் மேல் எழுத்து மாற்றம் வேறு. ஆங்கிலத்தின் "ஜே"க்கு ரஷ்யத்தில் தனி எழுத்தில்லை, இரண்டெழுத்துக் கூட்டி எழுதி, மீண்டும் ஆங்கிலத்துக்கு வரும்போது அது "டி, இசட், எச்" என்று தொடங்கும். "ஹ" ஒலியும் இல்லை. ஹரிகரன் என்றொருவர் காரிகாரன் ஆகிவிடுவார். ஆகவே கடவுச்சீட்டில் உள்ளபடி ஒரு வரி, பெயரையும் தகப்பன் பெயரையும் இடம் மாற்றி ஒரு வரி, ரஷ்ய எழுத்தில் வரக்கூடிய இரண்டு மூன்று வடிவங்கள் என்று எழுதிக் கொடுங்கள். பிறந்த திகதியில் மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயராலேயே எழுதுங்கள். 03-07 என்பதை ஒருவர் மார்ச் என்பார், இன்னொருவர் ஜூலை என்பார்.

அந்த வீடியோவைப் பற்றி ஒன்று. கைதியை அவமதிப்பிலிருந்தும் பொதுமக்களின் வேடிக்கைப் பார்வையிலிருந்தும் காக்க வேண்டும் என்கிறது 13ஆம் உறுப்புரை. அதை மீறித்தான் இப்படியான வீடியோக்கள் வெளியாகின்றன. ஆனால் உங்களுக்கு இப்போது அது ஒரு சான்று: இன்ன நாளில் உயிரோடு, உக்ரேனின் கையில் இருந்தார். டெலிகிராமிலிருந்து மூலக் கோப்பாகவே இறக்கிக் கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த பிரதியில் தரம் போய்விடும். இணைப்பு, வெளியான நாள், நேரம், சனலின் பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட்டும் எடுங்கள். பிறகு அதை முகநூலில் போடாதீர்கள், உறவினரையும் போட விடாதீர்கள். கமராவுக்கு முன் ரஷ்ய இராணுவத்தைக் குறைகூறிப் பேசியிருந்து, நாளைக்குக் கைதிப் பரிமாற்றத்தில் அவர் ரஷ்யாவின் கையிலேயே போய்ச் சேர்ந்தால், அந்தப் பேச்சே அவருக்கு வினையாகலாம்.

எப்போது வருவார் என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். தீவிரச் சண்டை ஓய்ந்ததும் தாமதமின்றி விடுவித்து அனுப்ப வேண்டும் என்கிறது 118ஆம் உறுப்புரை. போர் முடியும் வரை வைத்திருக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. அனுப்புவது என்றால் வழமையாக அவர் எந்தப் படையைச் சேர்ந்தவரோ அந்த நாட்டுக்கு, அதாவது ரஷ்யாவுக்கு. பரிமாற்றத்தில் வந்தாலும் அப்படித்தான். வெளிநாட்டவரைத் திரும்பப் பெற ரஷ்யா ஆர்வம் காட்டுவதில்லை என்று உக்ரேன் அதிகாரிகள் சொல்லி வருகிறார்கள். உங்களைப் பொறுத்தவரை அது முழுக்கக் கெட்ட செய்தியில்லை. மொஸ்கோவுக்குத் திரும்பினால் ஒப்பந்தத்தைக் காட்டி மறுபடியும் போர்முனைக்கு ஏற்றிவிடும் ஆபத்து இருக்கிறது. அவர் வீடு வருவதற்கு நல்ல வழி, கொழும்பு கீவிடம் கேட்டு, நேரே இலங்கைக்கோ மூன்றாம் நாடொன்றின் ஊடாகவோ விடுவிக்கச் செய்வது. தடுத்து வைத்திருக்கும் அரசு தானாக முன்கூட்டியே விடுவதைச் சமவாயம் தடுக்கவில்லை. 2022இல் அந்தப் பத்துப் பேரும் சவூதி வழியாகத்தான் வீடு போனார்கள்.

எனவே கச்சேரிக்குக் கொடுக்கும் கடிதத்தில் "எப்படியாவது மீட்டுத் தாருங்கள்" என்று மட்டும் எழுதினால் அது கோப்போடு கோப்பாகக் கிடக்கும். கேட்க வேண்டியதை எண்ணிட்டுக் கேளுங்கள்: அவர் போர்க்கைதியாகப் பதிவாகியிருப்பதை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும், தூதரக அதிகாரி நேரிலோ காணொளியிலோ அவரைச் சந்திக்க வேண்டும், அவருடைய விருப்பத்தைக் கேட்காமல் ரஷ்யாவுக்குப் போகும் பட்டியலில் சேர்க்கக் கூடாது, இலங்கைக்கு நேரே விடுவிக்க வேண்டும். மோசடியாகச் சேர்க்கப்பட்டவர் என்பதற்கு உங்கள் சத்தியக்கடதாசியையும் ஏஜென்சிக்குப் பணம் கட்டிய பற்றுச்சீட்டுகளையும் இணையுங்கள். கையளித்த நாளின் முத்திரையோடு ஒரு பிரதியைத் திருப்பி வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பற்றுச்சீட்டு என்றதும் ஏஜென்சிக்காரர் ஞாபகம் வருகிறார். ஏமாற்றியும் வற்புறுத்தியும் ஆளைச் சுரண்டலுக்குக் கொண்டுபோவது தண்டனைச் சட்டக்கோவையின் 360இ பிரிவின் கீழ் ஆட்கடத்தல். பொலிஸ் முறைப்பாட்டைப் போட்டு, பதிவு இலக்கத்தை வாங்குங்கள். "கேஸ் போட்டால் ஆளை எடுக்க மாட்டேன்" என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். எடுக்க அவரால் முடியாது, சேர்த்துவிட மட்டும்தான் முடிந்தது.

இருக்கும் இடம் உறுதியானதும் கடிதம் எழுதலாம். மாதத்துக்குக் குறைந்தது இரண்டு கடிதமும் நான்கு அட்டையும் எழுத விட வேண்டும், தபால் செலவு இல்லை. எங்கள் பக்கத்து மூத்தவர்களுக்குச் செஞ்சிலுவைக் கடிதம் பழக்கமானது, ஒட்டாத உறையில்லாக் கடிதம். தணிக்கைக்குப் போகும் என்பதால் வீட்டுச் செய்தி மட்டும் எழுதுங்கள். போர், படைப்பிரிவு, ஏஜென்சி, காசு ஒன்றும் வேண்டாம். தாய்மொழியில் எழுதுவதே விதி என்றாலும், அங்கே தமிழ் வாசிக்கும் தணிக்கையாளர் கிடைக்கும் வரை கடிதம் மேசையில் தூங்கும். அவருக்கு ஆங்கிலம் ஓரளவு வாசிக்க வருமென்றால் அரைப் பக்கம் எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். தமிழிலென்றால் கூட்டெழுத்தில்லாமல், சுருக்கமாக. பிள்ளைகளின் உயரம், பள்ளிக்கூடம், மாமியின் சுகம், இவ்வளவும் போதும்.

அவருக்கு ஆஸ்துமா, நீரிழிவு, மருந்து ஒவ்வாமை என்று ஏதாவது இருந்தால் கிளினிக் கொப்பியின் ஆங்கிலச் சுருக்கத்தை விண்ணப்பத்தோடு கொடுங்கள். முகாமில் மாதம் ஒருமுறையாவது மருத்துவப் பரிசோதனை செய்து, எடையை நிறுத்துப் பதிய வேண்டும் (31ஆம் உறுப்புரை). கை, கால் இழந்தது போன்ற பாரதூரமான காயமென்றால் போர் முடியும் வரை காத்திருக்காமல் திருப்பி அனுப்ப வேண்டும் என்று 109, 110ஆம் உறுப்புரைகள் சொல்கின்றன. வீடியோவில் காயக்கட்டுத் தெரிந்திருந்தால் அதைக் கச்சேரிக் கடிதத்தில் தனிப் பந்தியாக எழுதுங்கள். தானாக முன்வந்தாலன்றி, கண்ணிவெடி அகற்றுவது போன்ற ஆபத்தான வேலைக்கும் விட முடியாது. செஞ்சிலுவைப் பிரதிநிதிகள் கைதியைச் சாட்சியின்றித் தனியாகச் சந்தித்துப் பேச உரிமையுண்டு. ஆனால் கண்டதை அவர்கள் வெளியே சொல்வதில்லை. "அவரைப் பார்த்தோம், சுகம்" என்பதற்கு மேல் விபரம் வராவிட்டால், எதையோ மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

கடைசியாகக் காணி. 18 இலட்சம் கட்டுவதில்லை என்றானபின் விற்க அவசரமில்லை. ஆனால் ஏஜென்சிக்கு வாங்கிய கடனின் வட்டி ஏறுகிறதென்றால் யோசிக்கத்தான் வேண்டும். நொத்தாரிசு சொன்னது சரி. யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அதற்கு இரண்டு வழி இருக்கிறது. யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் (1911) கீழ், பருத்தித்துறை மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து அந்தச் சம்மதம் இல்லாமலே கைமாற்ற அனுமதி கேட்கலாம். கணவர் இருக்குமிடம் தெரியாமை அதற்கு ஒரு காரணம், மனைவி பிள்ளைகளின் நலன் இன்னொன்று. செஞ்சிலுவை விண்ணப்பத்தின் பிரதியும் பொலிஸ் முறைப்பாடும் அந்த மனுவுக்கு நல்ல ஆதாரம்.

மற்ற வழி பலருக்கும் தெரியாதது. 77ஆம் உறுப்புரையின்படி, கைதி அற்றோணித் தத்துவம், மரணசாசனம் போன்ற பத்திரங்களை எழுதி அனுப்ப முகாம் நிர்வாகம் வசதி செய்ய வேண்டும், கையெழுத்தை அத்தாட்சிப்படுத்தவும் வேண்டும். அவர் இருக்கும் முகாம் உறுதியாகிவிட்டால் சம்மதப் பத்திரத்தை ஆங்கிலத்தில் தயாரித்து அந்த வழியே அனுப்பலாம். இங்கே பதியும்போது வெளிநாட்டில் கையெழுத்தான பத்திரத்துக்குரிய அத்தாட்சியைக் கேட்பார்கள் என்பதால், வரைவை அனுப்புமுன் உங்கள் நொத்தாரிசிடம் காட்டிவிடுங்கள். நாட்கள் எடுக்கும். அவசரமென்றால் நீதிமன்ற மனு. இரண்டில் ஒன்று கைக்கு வரும் வரை விற்பனை உடன்படிக்கையில் கையெழுத்து வைத்து முற்பணம் வாங்கிவிடாதீர்கள். குறித்த நாளில் உறுதி முடிக்க முடியாமல் போனால் அந்த முற்பணமும் கடனாகிவிடும்.